எல்லோருக்கும் ஒரே சிவப்பு

செண்பகவல்லி முந்தின நாள் மாலை வைத்துவிட்டுப் போன சிவப்பு, காலையில் மறுபடியும் வெளிறிப் போயிருந்தது.

கடலோரப் பேரிடர் வாரியத்துக்கான புயல் எச்சரிக்கைப் பக்கம் அது. அதன் முகப்பை வடிவமைக்கும் குழுவில் நிறம் அவள் பொறுப்பு. எழுத்தும் நிரலும் ஆரோக்கியதாஸின் பொறுப்பு. குழுத் தலைவர் முபீன். ‘உடனே வெளியேறுங்கள்’ என்ற வரிக்குப் பின்னால் இப்போது பன்னீர் ரோஜா நிறம் தெரிந்தது.

தாஸைத் தவிர வேறு யார் கை வைத்திருக்க முடியும்? முன்பெல்லாம் ஒரு பொத்தானுக்காக அரை நாள் சண்டை போட்டவன், சில மாதங்களாகக் கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். அதுவே அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

அந்தக் காலத்தில் எந்த இணையப் பக்கமும் இரண்டு பேருக்கு ஒன்றுபோலத் தெரிவதில்லை. திரையின் விளிம்பிலிருக்கும் விழிமானி பார்ப்பவரின் கண்ணைக் கவனிக்கும். புருவம் சுருங்கினால் நிறம் இளகும், இமை தளர்ந்தால் அப்படியே நின்றுவிடும். கண்ணறி முகப்பு என்று அதற்குப் பெயர். எச்சரிக்கைப் பக்கங்களில் அது மாறாதபடி பூட்டியாகிவிட்டது என்று முபீன் உறுதி சொல்லியிருந்தார்.

“என் நெறத்துல ஏன் கை வைக்கிற, தாஸ்?”

“நானா? நீங்கதான் என் எழுத்தைச் சின்னதாக்குறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேங்க்கா.”

நடிக்கிறான் என்றே அவளுக்குத் தோன்றியது. “சரி, இங்க வந்து பாரு.”

அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நிறம் சிவப்புக்கும் ரோஜாவுக்கும் இடையே தடுமாறியது. எழுத்து விரிந்தது, சுருங்கியது. பிறகு, யார் கண்ணுக்கு இசைவதென்று தெரியாமல், பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

தாஸ் மெல்ல விலகிப் பார்த்தான். ரோஜா நிறம் திரும்பி வந்தது.

“பூட்டு விழவே இல்லக்கா,” என்றான். “இத்தனை மாசமா ஆளுக்கொரு பக்கத்தைப் பாத்துட்டு, நல்லாருக்குன்னு ஒத்துப் போயிருக்கோம்.”

முபீனிடம் ஓடினார்கள். அவர் தன் திரையைப் பார்த்துவிட்டு, “எனக்குச் சரியாத்தானே தெரியுது,” என்றார். செண்பகவல்லி அவர் தோளருகே குனிந்ததும் பக்கம் வெள்ளையானது.

அவர் எழுந்துவிட்டார். பக்கம் நேற்றிரவே வெளியாகியிருந்தது. புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பமாக ஒரே கைபேசியைச் சுற்றி நிற்பவர்களுக்கு என்ன தெரியும்?

“கண்ணறி முகப்பையே கழட்டிருங்க,” என்றார்.

தாஸ் நிரலை உருவி எடுத்தான். அசையாத சிவப்பு, அதன் மேல் வெள்ளை எழுத்து. மூவரும் ஒரே திரையின் முன்னால் நின்று பார்த்தார்கள். அது மாறவில்லை. தாஸ் மீதிருந்த சந்தேகம் அப்போதுதான் அவளை விட்டுப் போனது.

பிற்பகலில், கடலோரத்தில் குடியிருக்கும் அண்ணன் சிங்காரவேலுவை அழைத்தாள். “கிளம்பிட்டீங்களாண்ணே? எச்சரிக்கையப் பாத்தீங்கல்ல?”

“தெருவே பாத்துச்சு வல்லி. அது யாரோ கெளப்பிவிட்ட போலிப் பக்கம்.” அவர் குரலுக்குப் பின்னால் மழை இரைந்தது. “எனக்கும் உங்க அண்ணிக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் ஒண்ணாவே தெரியுது. நெசமான பக்கம்னா ஆளுக்கு ஒரு மாதிரில்ல தெரியணும்?”

“அண்ணே, அதைச் செஞ்சது நான். நெசந்தான். கிளம்புங்க.”



“நீ சொல்ற, நான் கிளம்புறேன்,” என்றார். “தெருவுல மத்தவங்ககிட்ட யாரு சொன்னதா சொல்ல?”