ஏணியில் வந்த சந்தேகம்

"அய்யோ… அம்மா!"

கடல் தாண்டி வந்த பதினோரு நாளில், அம்மாவின் போனைத் தவிர அவள் காதில் விழுந்த முதல் தமிழ் அதுதான். அலறியவன் அவளுடைய மாடி ஜன்னலுக்கு வெளியே, கொட்டும் மழையில், ஏணி மேல் நின்றிருந்தான். ஏதோ சத்தம் கேட்டுத் திறந்து, உடனே அவள் அறைந்து சாத்திய ஜன்னலுக்கு நடுவே அவனுடைய இரண்டு விரல்கள்.

ஐயோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள். மறுநொடியே, என்ன பாவம்… மாடி ஜன்னல்ல இவனுக்கு என்ன வேலை?

"யாரு நீங்க? ஏணி போட்டு எட்டிப் பாக்கறீங்க?"

"எட்டிப் பாக்கலைங்க, ஏசி பாக்கறேன்! வெளிப்பெட்டி உங்க ஜன்னலுக்குக் கீழதான் இருக்கு. வீட்டுக்காரம்மா வரச் சொன்னாங்க… முதல்ல ஜன்னலைத் திறங்க தாயே, வெரலு!"

அரை அங்குலம் திறந்தாள். விரல்கள் வெளியே போயின. இமையில் மழைத்துளி தொங்க, அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்ணில் வலியும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. அடிபட்டவன் எதுக்குச் சிரிக்கணும்? அவளுக்குச் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது.

அவளைக் கோபிச்சுக்காதீங்க, பிள்ளைகளா. வீட்டில் அத்தனை பேரையும் எதிர்த்துக்கொண்டு, தனியாக வேலைக்கு வந்த பெண். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளர். அம்மா தினமும் போனில் ஓதுவாள்: "சிரிச்சுப் பேசறவன நம்பாத. தமிழ்ல சிரிச்சுப் பேசினா இன்னும் ஜாக்கிரதை!" அதனால்தான் அந்தப் புழுக்கத்திலும் வாடகை வீட்டின் எல்லா ஜன்னலையும் மூடி, திரைக்கு ஊக்கு குத்தி வைத்திருந்தாள்.

உள்பெட்டியைப் பார்க்க வீட்டுக்குள் வந்தான் ஏசிக்காரன். அவள் துடைப்பத்தைப் பிடித்தபடி காவல் நின்றாள். அவன் காற்றை மோந்து பார்த்தான்.

"ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி வச்சிருக்கீங்களே… இந்த ஊர்க் காத்துல பாதி தண்ணிங்க. இப்படியே விட்டா செருப்புல காளான் முளைக்கும்."

"என் செருப்பு. என் காளான்."

"சரிங்க. அலமாரியையாவது கொஞ்சம் திறந்து வைங்க. உள்ள ஒரு சின்ன பல்பு எரியட்டும், அந்தச் சூட்டுல ஈரம் தங்காது."

"கதவையும் திறந்து வச்சு, வெளிச்சமும் போட்டு வைக்கணுமா? எடுக்க வர்றவனுக்கு வசதியா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். கண் மட்டும் மூடவில்லை… அது சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனது.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்து நின்றான். "ஏசில ஏதோ சத்தம் வருதாமே?"

அவள் யாரிடமும் சொல்லவில்லையே! மூடியைக் கழற்றினான், ஊதினான், மாட்டினான். "காலைல எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?"

"எதுக்கு?"

"டைமர் வைக்கத்தாங்க!"

அப்போதுதான் அவன் விரல்களைப் பார்த்தாள். இரண்டு நகமும் கன்றிக் கறுத்துப் போயிருந்தன. மருந்து டியூப் ஒன்றை மேசையில் நகர்த்தி வைத்தாள். "தேதி முடியப்போகுது, தூக்கித்தான் போடணும். வேணும்னா எடுத்துக்குங்க."

தேதி முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவன் அதைப் படித்துப் பார்த்தான். பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை வீட்டுக்காரம்மாவிடம் விசாரித்தாள். அந்த அம்மா கையை விரித்து, அந்த ஊர் பாஷையில் சொன்னாள். "ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன். ரெண்டாவது தடவை நான் அனுப்பவே இல்லையே!"

பார்த்தியா… நினைச்சேன்! "இனிமே அந்த ஆள் இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரம்மா போன் போட்டு அவனை ஒரு பிடி பிடித்தாள். அன்று சாயங்காலம் தெருவில் எதிரே வந்தவன், இவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பக்கம் போய்விட்டான். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அவளுக்கு. இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அலமாரியைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடவைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக ஒளித்து வைத்த சான்றிதழ்கள்… பச்சையும் சாம்பலுமாய்ப் பூசணம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வியாழக்கிழமை மருந்தாளர் பதிவு அலுவலகத்தில் அசலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய், "நாங்க அப்பவே சொன்னோமே" என்பதை ஆயுசுக்கும் கேட்க வேண்டியதுதான்.

லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் விலாசம் கேட்டு அவனுடைய ஏசி பட்டறைக்கு ஓடினாள்.

அவன் ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "நான் அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னாங்க."

"நீங்க வரலையே… நான்தானே வந்திருக்கேன்."

உறையை நீட்டினாள். அவன் வாங்கி, ஒட்டிக் கிடந்த தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"வெயில்ல காட்டலையே? அயர்ன் பண்ணலையே? நல்ல வேளை. மெஷினைச் சோதிக்கிற ரூம் இருக்கு. கதவைச் சாத்தி ஏசியை ஓடவிட்டா காத்துல உள்ள ஈரத்தை இழுத்துடும். மெதுவாத்தான் காயும். வச்சுட்டுப் போங்க."

"முடியாது. நானும் உள்ளயே உட்கார்ந்திருப்பேன்."

"குளிரும்."

"குளிரட்டும்."

அவன் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, துணி கிளிப்பில் தொங்கவிட்டான். பல் கிடுகிடுக்கக் காவல் இருந்தாள் அவள். மத்தியானம் அவன் தன் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். சாயங்காலம், காய்ந்த பூசணத்தை மெல்லிய தூரிகையால், கைக்குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோலத் தட்டி எடுத்தான். கையெழுத்து தெரிந்தது… முத்திரை தெரிந்தது… அவள் கண் நிறைந்தது.

"கணக்குல அறுபத்திமூணா? மருந்து அளக்கற பொண்ணு!"

"மார்க்கைப் பாக்காதீங்க!" சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லுங்க. யாரும் கூப்பிடாம அன்னிக்கு ஏன் வந்தீங்க?"

தூரிகை நின்றது.

"ஏசில ஒரு பழுதும் இல்லங்க… அஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். என்னைத் தமிழ்ல திட்டின முதல் ஆள் நீங்கதான். இன்னொரு தடவை திட்டு வாங்கலாமேன்னு வந்தேன். உங்க குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு… பிடிச்சிருந்துச்சு. பொய் சொன்னது தப்புதான்."

வெளியே தகரக் கூரையில் மழை தொடங்கியது. அவள் கோட்டின் பொத்தானைத் திருகினாள்.

"அன்னிக்கு நீங்க போனப்புறம், ஒரு மணி நேரம் கதவைச் சாத்தவே மறந்து உட்கார்ந்திருந்தேன்… நான்! அப்பதான் பயந்து போனேன். சந்தேகம் உங்க மேல இல்லைங்க… என் மேலதான் வந்துடுச்சு. அதான் உங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் நிமிர்ந்தான். இந்த முறை அந்தக் கண்கள் சிரிக்கவில்லை… கலங்கியிருந்தன.

பட்டறை சாத்துகிற நேரம். தாள்கள் முழுசாகக் காய விடியணும். எடுத்துக்கொண்டு போனால் மழைக்காற்றில் ஈரம் திரும்ப ஏறும். விட்டுவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா… முடிவு அவளுடையது.

அவள் தொங்கிய தாள்களை ஒருமுறை பார்த்தாள். கோட்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வாசல்வரை போனாள்.

"நாளைக்குக் காலைல வரேன்."

"சர்டிபிகேட்டுக்கா?"

மழையில் ஒரு கால் வைத்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"அதுக்கும்தான்…"