காயாத முதுகு

மலையடிவாரத்துப் பழைய மருத்துவமனைக்கு நெவேனா வந்து சேர்ந்தபோது மாலை வெயில் சன்னலை விட்டு இன்னும் இறங்கவில்லை. மறுநாள் காலையில் நெஞ்சுக்கூட்டினுள் ஒரு நரம்பை அறுத்துவிட்டால், சிறுவயது முதல் வியர்வை சொட்டிய அவளுடைய உள்ளங்கைகள் உலர்ந்துவிடும்.

அடுத்த மாதம் அவளுக்குத் திருமணம். அன்று ஊரார் கைகோத்து ஆடும் ஹோரோவின் முதல் சுற்றை மாமியாரே முன்னின்று நடத்துவாள். மருமகளின் கை அவள் கையில் இருக்கவேண்டும். இதுநாள்வரை நெவேனா ஆட்டச் சங்கிலியின் வால்முனையில் நின்று, ஒரு கையை மட்டும் கொடுத்துத் தப்பித்து வந்தவள்.

"என் கையைத் தொட்டா மீனைப் பிடிச்ச மாதிரி இருக்குன்னு அத்தை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்கக்கா."

செவிலி ஸ்தாங்கா விரிப்பை உதறியவாறே சிரித்தாள். "ஆட வர்றாங்களா, மீன் வாங்க வர்றாங்களா? சரி, டாக்டர் எல்லாம் சொன்னாரா?"

"வேர்வை கொஞ்சம் வேற இடத்துக்குப் போகலாம்னார்."

"கொஞ்சமா!" என்று முனகிவிட்டு, ஆளில்லாத பக்கத்துக் கட்டிலில் புதிய விரிப்பை விரித்துச் சென்றாள்.

அறை அடங்கிற்று. சோப்பு மணத்தை மீறி, மூட்டைகட்டிய ஈரத்துணியின் வாடை எழுந்தது.

வெள்ளை விரிப்பில் ஈரம் ஊறத் தொடங்கிற்று.

முதலில் தோள்கள். பின்னர் முதுகு. பின்னர் தொடைகள்.

படுத்திருப்பவர் எவருமில்லை.

கட்டிலின் அடியில் நீர் சொட்டிற்று.

நெவேனாவின் கையை ஒரு கை பற்றியது. சருகாய் உலர்ந்து வெடித்த கை.

"கை காய்ஞ்சிடுச்சு," என்றது காதோரத்தில் ஒரு பெண்குரல். "முதுகு காயவே இல்ல. பனியிலயும் சட்டை சட்டையா நனைஞ்சேன். அறுத்ததை ஒட்டிக் குடுங்கன்னேன். முடியாதாம்."

அச்சத்தினூடே, ஒரு சுற்று ஆட்டத்துக்காகவா இது என்று நெவேனாவுக்குச் சினம் பொங்கிற்று. கையை உதறிக்கொண்டு, பையைத் தூக்கி நடந்தாள்.

"பயந்துட்டியா, பொண்ணே?" என்றாள் தாழ்வாரத்தில் ஸ்தாங்கா.

"பயந்துட்டேன்தான். ஆனா கை என்னோடது, வேர்க்கட்டும். அந்தக் கட்டில்ல யாரு, அக்கா?"

"யாரும் படுக்கிறதில்ல. விரிப்பை மட்டும் தினம் மாத்திக்கிட்டே இருக்கேன்."

திருமணத்தன்று நெவேனா தன் ஈரக்கையை மாமியாரின் கைக்குள் அழுத்தினாள். "மீன் நழுவாம பிடிங்க, அத்தை!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. மாமியார் வேறுவழியின்றி இறுகப் பற்றினாள். சங்கிலி வளைந்து திரும்பியபோது, வால்முனையில் ஆடிய நெவேனாவின் தங்கை அலறினாள்.

"அக்கா, என் கையை யாரோ பிடிச்சிருக்காங்க! சருகு மாதிரி இருக்கு!"

அவளுக்கு அப்பால் எவருமில்லை.

"விடாதேடி!" என்று கூவினாள் நெவேனா. "அவளும் ஆடட்டும்!"

தங்கைக்கு அப்பால், உலர்ந்த கல்தளத்தின்மீது, தாளம் தப்பாமல் ஈரக் காலடிகள் பதிந்துகொண்டே வந்தன.