மூன்றாவது கிளிப்பில் இருந்த படம்

காலை 10.50.

கயிற்றில் பன்னிரண்டு படங்கள் தொங்க வேண்டும். பதினொன்றுதான் தொங்கின.

யுவராணி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். இடமிருந்து மூன்றாவது இடம் காலி. படத்தைப் பிடித்திருந்த இரண்டு கிளிப்புகளும் கயிற்றிலேயே ஒழுங்காக மாட்டியிருந்தன. கிழிந்த காகிதத் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

காணாமல் போனது காளிராஜின் படம்.

ராமநாதபுரம் கேணிக்கரையில் நாகலெட்சுமியின் சின்ன ஹால். மாலை ஆறு மணிக்கு ஸ்டாண்ட்-அப் காமெடி. காளிராஜும் அஃப்ரித்தும் பேசப் போகிறார்கள். இருவரில் ஒருவரைச் சென்னை மேடைக்குத் தேர்ந்தெடுக்க அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள். கூடவே யுவராணியின் ஓவியக் காட்சி.

இரண்டு வருடமாக, எங்கே காமெடி நடந்தாலும் முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவாள் அவள். குனிந்து தாளைப் பார்க்க மாட்டாள். கண் மேடையில் இருக்கும்; கை தன்போக்கில் ஓடும். கூட்டம் வெடித்துச் சிரிக்கிற நொடியில் பேசுகிறவனின் உடம்பு எப்படி வளைகிறதோ, அதுதான் அவளுக்குப் படம்.

அப்படி வரைந்ததிலேயே சிறந்தது அந்த மூன்றாவது படம். ஜவுளிக்கடைக்குப் போன கிராமத்து ஆளாகக் காளிராஜ் நடிக்கும் காட்சி. பளபளக்கும் தரையைப் பார்த்துக் கோயில் என்று நினைத்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போவான் அந்த ஆள். திரும்பி வந்தால் செருப்பு இருக்காது. கையில் புதுப் புடவைப் பையுடன் வெறுங்காலில் ஊருக்கு நடப்பான். பரமக்குடியிலும் மதுரையிலும் இதற்கு நாற்காலி ஆடச் சிரித்தார்கள். இந்தக் கதையைக் கொடுத்தது யுவராணிதான். "எங்க ஊர்ல ஒரு ஆளு இருக்காரு..." என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

படத்தைப் பார்த்தபோது காளிராஜ் கேட்டிருந்தான். "நல்லாருக்கு. ஆனா இடது தோளு ஏன் இப்படி இறங்கிக் கெடக்கு? என் தோளு நேராத்தான இருக்கு?"

"கை போன போக்குல வந்திருச்சு" என்று சிரித்திருந்தாள்.

காலி இடத்தின் கிளிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் தீயாய் எரிந்தது. தூக்கமில்லாத கண் என்று விட்டுவிட்டாள்.

காலை 11.05.

"பத்து மணிக்குத் தரையைத் துடைச்சேன். அப்ப பன்னெண்டும் இருந்துச்சு" என்றாள் நாகலெட்சுமி. "கதவைச் சாத்தாம, சேர் ஏத்திட்டு வர்ற வண்டியப் பாக்கப் போனேன். திரும்ப வர அரை மணி ஆச்சு."

"அந்த நேரம் உள்ள யாரு இருந்தா?"

"அஃப்ரித்து மட்டும்."

மேடைக்குப் பின்னாலிருந்த அறையிலிருந்து அஃப்ரித் வந்தான். கழுத்தில் ஹெட்போன்.

"படத்தை எங்கன வச்சிருக்க?" என்றாள் யுவராணி.

"எந்தப் படம்?"

"நடிக்காத. உன் படத்துல பல்லைப் பெருசாப் போட்டுட்டேன்னு போன வாரம் சண்டை போட்டேல்ல. இப்ப காளிராஜ் படம் காணோம். வேற யாரு எடுப்பா?"

"நான் ரூமுக்குள்ள என் பேச்சைப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். யாரு வந்தா, யாரு போனான்னே தெரியாது."

"ஏலே, நேருக்கு நேர் ஜெயிக்க முடியாதுன்னு இந்த வேலையா?" என்றான் யுவராணியின் பக்கத்தில் நின்ற காளிராஜ்.

அஃப்ரித்தின் முகம் சுண்டிவிட்டது. "திருடன்னு சொல்றீகளா?"

யுவராணியின் போன் அடித்தது. திரையில் 'அய்யா'. காலையிலிருந்து மூன்றாவது முறை. வெட்டிவிட்டாள்.

"ஆமா. திருடன்தான்" என்றாள்.

நாகலெட்சுமி முடிவாகச் சொன்னாள்: "பன்னெண்டு மணிக்குள்ள படம் வரணும். இல்லேன்னா அஃப்ரித்து இன்னைக்கு மேடை ஏற வேணாம்."

காலை 11.25.

யுவராணி தரையைப் பார்த்தாள். வரைகிறவளின் கண். துடைத்த ஈரத்தில் பதிந்த தடங்கள் காய்ந்து மங்கலாகத் தெரிந்தன. வெறுங்கால்கள். வாசலிலிருந்து நேராகக் கயிறு வரை. மூன்றாவது படத்துக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பியிருந்தன. வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு திரும்ப வாசலுக்கு.

"அக்கா, இது உங்க காலா?"

"சுகர் காலு. டாக்டர் சொன்னதுலருந்து வீட்டுக்குள்ளயே செருப்பில்லாம நடக்குறதில்ல."

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு இவன் ஷூவைக் கழட்டியிருப்பான்" என்றான் காளிராஜ்.

"ஹால்ல யாருமே இல்லாதப்ப யாருக்குச் சத்தம் கேக்கும்?" என்றாள் யுவராணி மெதுவாக. "அதோட, தடம் வாசல்லருந்து வருது. மேடைப் பக்கமிருந்து இல்ல."

அவள் கண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இடது கண் மட்டும். தூக்கமில்லை என்றால் இரண்டு கண்ணுமல்லவா எரிய வேண்டும்?

விரலை நாக்கு நுனியில் வைத்தாள். சுரீரென்றது.

"அஃப்ரித், கண்ணைத் தேய்."

"என்ன?"

"ரெண்டு கையாலயும். நல்லாத் தேய்."

தேய்த்தான். விழித்தான். ஒன்றும் ஆகவில்லை.

"அந்தக் கிளிப்பைத் தொட்டது மிளகா வத்தல் அள்ளுன கை" என்றாள். "சோப்புப் போட்டாலும் ரெண்டு நாளைக்குக் காரம் போகாது. நீ எடுக்கல."

"அப்ப யாரு?" என்றான் காளிராஜ்.

பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். அஃப்ரித்தின் மேல் சந்தேகம் அப்படியே நிற்கும், மேடையும் போகும். மணி 11.40.

"கோயிலுமில்ல, வீடுமில்ல. வெறும் ஹாலு" என்றாள். "தரை பளபளன்னு இருக்குன்னு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வர்ற ஆளு யாரு? மூணு மாசமா ஊரெல்லாம் அதச் சொல்லித்தான சிரிக்க வச்சோம்?"

காளிராஜ் புரியாமல் பார்த்தான். "அது நீ சொன்ன கதை. உங்க ஊர்ல யாரோ ஒருத்தர்..."

"யாரோ இல்ல. எங்க அய்யா. அந்தப் புடவை நான் காலேஜ் சேர்ந்தப்ப எனக்கு எடுத்தது. மிளகா மூட்டை தூக்கித் தூக்கி இறங்குன தோளு அது. உன்னைப் பார்த்துக்கிட்டே என் கை அவரை வரைஞ்சிருக்கு."

காளிராஜ் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இன்னைக்கு வரட்டுமான்னு முந்தாநாள் கேட்டாரு. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, வேணாம்னுட்டேன்." அவள் அஃப்ரித்தின் பக்கம் திரும்பினாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "உன்னையத் திருடன்னேன். தப்பு என்னோடது."

"சொன்னப்ப சத்தமாச் சொன்ன" என்றான் அஃப்ரித். "இதையும் சாயந்தரம் கூட்டத்துக்கு முன்னாடி சத்தமாச் சொல்லு."

"சொல்றேன்."

போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அவள் அப்பா ராக்கப்பன்.

"கோவிச்சுக்காதத்தா. அதச் சொல்லத்தான் காலையிலருந்து கூப்புடுறேன். படத்தைக் கிழிக்கல, துண்டுக்குள்ள சுருட்டி வச்சிருக்கேன். பஸ் ஸ்டாண்டுலதான் இருக்கேன், சாயல்குடி வண்டி இன்னும் வரல."

"ஏன்யா எடுத்தீக?"

"ஆளில்லாத நேரமாப் பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன். நம்ம ஊரு ஆளுக சாயந்தரம் வர்றாங்களாம். அந்தத் தோளையும் வெறுங்காலையும் பாத்தா அவங்களுக்கு என்னைய அடையாளம் தெரியாதா? பெத்த அப்பனை இப்படிப் போட்டிருக்காளேன்னு உன்னையத்தான பேசுவாங்க." சற்றுத் தயங்கினார். "எனக்கு ஒண்ணுமில்ல. படம் நல்லாத்தான் இருக்கு."

"வாங்கய்யா. இங்க வாங்க" என்றாள்.

பகல் 12.05.

வெள்ளை வேட்டி, துண்டுக்குள் சுருட்டிய காகிதம், இறங்கிய இடது தோள். வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய ராக்கப்பன் பளபளத்த தரையைப் பார்த்தார். பழக்கத்தில் வலது கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்தது.

நிமிர்ந்தார். உள்ளே நின்ற நாலு பேரின் கால்களையும் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

காலை மறுபடி செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, சத்தம் கேட்டுவிடுமோ என்று பயந்த மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து, செருப்போடு உள்ளே நடந்து வந்தார்.

"இப்ப சரிதானத்தா?" என்றார்.