போத்தல் மாறிப் போச்சு!

“அய்யோ... அம்மா...!”

அலறல் போன் வழியாகவே வந்து இன்ஸ்பெக்டர் அழகேசனின் காதைத் துளைத்தது.

“கேட்டீங்களா? என் பேஷண்ட்! யாரோ அவர் மருந்தைத் திருடியிருக்கணும்!” மறுமுனையில் டாக்டர் தனபாலன் பதறினார்.

1985. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரி. பத்தே நிமிடத்தில் ஜீப் வந்து நின்றது.

வார்டில் இரண்டே கட்டில். இரண்டு பேருக்கும் கணையம் வீங்கிக் கடும் வலி.

அலறிக்கொண்டிருந்தவர் லோரி டிரைவர் தங்கராஜு. பக்கத்துக் கட்டிலில் பால்மரம் வெட்டும் சேது... சுகமான குறட்டை!

“நேத்து வரைக்கும் தலைகீழ் சார்!” என்றாள் நர்ஸ் நவமணி. “சேதுதான் கத்துனாரு. தங்கராஜு ஜோக் அடிச்சிக்கிட்டிருந்தாரு.”

“எப்படி?”

“ஆராய்ச்சி!” என்றார் டாக்டர். “பல்லு பிடுங்க மரத்துப்போற ஊசி போடுவாங்களே... அந்த மருந்தை டிரிப்ல ஏத்துனா கணைய வலி குறையுதான்னு பார்க்கிறேன். ஒருத்தருக்கு மருந்து. ஒருத்தருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. போத்தல்ல பேர் மட்டும்தான் ஒட்டியிருக்கும்.”

கட்டிலோரம் நின்ற சேதுவின் மனைவி வேலம்மா முந்தானையைக் கசக்கினாள்.

“நீதானா?” என்றார் அழகேசன்.

“சத்தியமா இல்லீங்கய்யா! அவரு துடிச்சதைப் பார்த்து மாத்திடலாமான்னு தோணுச்சு... தைரியம் வரல!”

அழகேசன் சேதுவின் போத்தலைத் திருப்பினார்.

பெயர்ச் சீட்டின் மேல் பிளாஸ்தர். அதில் ஒட்டியிருந்தவை... சுருட்டை ரோமங்கள்!

சட்டென்று திரும்பினார்.

“தங்கராஜு! கையில ஒரு பட்டை மட்டும் மொழுமொழுன்னு இருக்கே?”

அலறல் நின்றது.

“நான்தான் சார்... காலையில நர்ஸ் டீ குடிக்கப் போனப்ப, ஏத்த வச்சிருந்த போத்தலுங்கள்ல சீட்டை மாத்தி, என் கை பிளாஸ்தரை உரிச்சு ஒட்டிட்டேன்.”

“உன் மருந்தை நீயே ஏன்யா குடுத்தே?”

“எனக்கு வலியே இல்ல. இவன் கத்துறதைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க முடியல சார். ஒருநாளாவது தூங்கட்டுமேன்னு... ஆனா இவ்வளவு வலிக்கும்னு நெனைக்கல லா!”

வேலம்மா தங்கராஜுவைக் கும்பிட்டு அழுதாள்.

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். “நவமணி... ரெண்டு பேருக்கும் மருந்தே ஏத்து!”

அரை மணி நேரம். வார்டு அமைதியானது.

டாக்டர் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார்.

“ரெண்டு மாச ஆராய்ச்சி... அய்யோ... அம்மா...!”

அழகேசன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

“நவமணி! இன்னொரு போத்தல் இருந்தா டாக்டருக்கும் ஏத்திடும்மா!”