வெட்டி வைத்த துண்டு

படத்தில் கடல் அசைந்தது; அதற்கு மேலே நின்றது மட்டும் அசையவில்லை. ஆனால் வீட்டிலிருந்தே காணொளி திருத்திக் கொடுக்கும் ராசிக்கின் மனதை முதலில் உறுத்தியது அதுவல்ல. படத்தைக் கொண்டுவந்த சாந்தகுமார் கூலிக்குப் பேரம் பேசவில்லை. கொழும்புப் புறக்கோட்டையில் வாப்பாவின் துணிக்கடையில் வளர்ந்தவனுக்கு, பேரம் பேசாத ஆள் தரும் சாமானை ஒருமுறை மோந்து பார்க்கத் தோன்றும்.

சாந்தகுமார் ஒரு படைமுகாமில் எழுதுவினைஞர்.

"படம் நடுங்குது நானா, அத மட்டும் நிப்பாட்டித் தாங்க. கொப்பி எடுத்து வச்சிராதீங்க, என் வேல போயிரும்."

"அப்பிடி என்ன தம்பி ரகசியம்? கவர்மெந்துக்கு ஒண்டும் வெளங்கல்ல எண்டதுதானே?"

சாந்தகுமார் பென்டிரைவை மேசையில் வைத்தார்.

வெப்பக் கமெரா எடுத்த படம். சூடு வெள்ளையாகவும் குளிர் கறுப்பாகவும் தெரியும். வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே உளுந்தளவு ஒரு கறுப்பு. இறக்கை இல்லை, புகை இல்லை. ராசிக் நடுக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தான். கொடுக்குமுன் ஒரு சிறு துண்டை வெட்டித் தன் கணினியில் வைத்துக்கொண்டான். வாப்பா எந்தத் துணிக்கட்டையும் விரலகலத் துண்டு வெட்டி வைக்காமல் விற்றதில்லை. நிறம் வேறென்று யாராவது திரும்பி வந்தால் காட்டுவதற்கு. மகனும் எல்லா வேலையிலும் மாதிரி வைத்தான். கை தன் பாட்டில் செய்கிற காரியம் அது.

மறுநாள் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது, கரையோர ரயில் போன அதிர்வில் யன்னல் கம்பிகள் இன்னும் முனகிக்கொண்டிருந்தன. டீசல் வாடையும் உப்புக்காற்றும் கீழே காலி வீதிக் கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தமும் ஒன்றாகக் கலந்து மூன்றாம் மாடிவரை ஏறிவந்து, பேச ஆளில்லாத அந்த வீட்டை இன்னும் பெரிதாக்கின. மனைவி நஸீறா மௌத்தாகி அடக்கம் ஆனபின் எதிர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வெறுமையாகப் பார்க்கப் பொறுக்காமல், தோய்த்த துணிகளை அதன்மேல் குவித்து வைத்திருந்தான்.

பொழுது போகவில்லை. துண்டை ஓடவிட்டான்.

உளுந்து பேரீச்சம்பழமாகியிருந்தது. அதன்கீழே இப்போது கடல் இல்லை; தண்டவாளம்.

தொலைபேசி அடித்தது.

"நானா," சாந்தகுமாரின் குரல் இறங்கியிருந்தது. "இங்க இருக்குற படத்துல அது இல்ல. வெறும் கடல்தான். எங்கயோ ஒரு கொப்பி இருக்கு, அதுக்குள்ள போயிருச்சுன்னு பெரியவங்க சொல்றாங்க. முந்தி ஒரு தடவ இப்பிடி நடந்திருக்காம். கொப்பி வச்சிருந்த அந்த ஆள் இப்ப இல்ல. நெசமா சொல்லுங்க, துண்டு கிண்டு வச்சிருக்கீங்களா? வச்சிருந்தா இப்பவே வாறோம்."

கடைக்காரன் வாய். முதல் கேள்விக்கு 'இல்லை' என்றே பழகியது.

"என்ட கிட்ட என்னத்துக்கு தம்பி? இல்ல."

"அப்ப சரி. வீட்டுல தனியாவா இருக்கீங்க?"

"ஓம். வேற யாரு?"

அழைப்பு அறுந்தது. அழித்துவிட்டால் ஆயிற்று. துண்டைத் தொட்டு அழிக்கும் விசையை அழுத்தினான். அழியாமல் ஓடியது.

திரையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிகள். அவன் வீட்டு யன்னல். யன்னலுக்குள்ளே கணினிக்கு முன் குனிந்த வெள்ளை உருவம். கையைத் தூக்கினான். அதுவும் தூக்கியது.

அதற்கு எதிரே இன்னொரு உருவம் நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வீட்டில் ஆள் இருக்கிறதென்று நெஞ்சு குதித்தது.

அது கறுப்பு.

சாந்தகுமாரைத் திரும்ப அழைத்தான். மணி போனது. எடுக்கவில்லை.

கொத்துச் சத்தம் நின்றிருந்தது. கடலின் இரைச்சலும். கணுக்காலில் குளிர். பிறகு முழங்காலில்.

நிமிர்ந்தான். அறையில் யாருமில்லை. யன்னல், சுவர், நாற்காலி.

நாற்காலியில் குவிந்திருந்த துணிகள், யாரோ அலுத்துப்போய் உட்காருவதுபோல, மெல்ல மெல்ல அமுங்கின.