தனசேகரன் தேய்த்த துருவக் கல்

காலை எட்டு மணிக்கு வடிவேலு கல்லறுக்கும் அறையைத் திறந்தான். சிராங்கூன் சாலையில் பஸ் ஏறி வந்த வியர்வை கழுத்தில் இன்னும் காயவில்லை. கல்லூரியின் பின்கட்டில், கழிவறைக்கு அடுத்தாற்போல் இருந்தது அந்த அறை. ஒரு ஜன்னல், ஒரு குழாய், இரண்டு மேசை. மேசைக்கு ஒன்றாகத் தடித்த கண்ணாடிப் பலகை. இடப்பக்கத்து மேசை அவனுடையது. வலப்பக்கத்து மேசையில் மூன்று மாதமாக யாரும் உட்காரவில்லை.

வாசலில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியிருந்தது.

"தென்துருவத்திலேருந்து வந்திருக்கு வடிவேலு," என்றார் டாக்டர் ஜலாலுதீன். பாறைகளை ஆராய்கிற விரிவுரையாளர். "கப்பல்ல நாலு மாசம். ஐஸுக்கு அடியிலேருந்து எடுத்த கல்லு. பத்து ஸ்லைடு வேணும். நல்லா வந்தா உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன். வரலன்னா மேல உள்ளவங்க வேற ஆளப் பாப்பாங்க. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுலா."

வேலை இதுதான். கல்லை வில்லையாக அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, பலகையில் தூளும் தண்ணீரும் விட்டு விரலால் தேய்க்க வேண்டும். கல் தாளைவிட மெலிந்து, அதன் வழியே வெளிச்சம் வரும்வரை தேய்க்க வேண்டும். அதுதான் ஸ்லைடு. முதலில் முரட்டுத் தூள், கடைசியில் மாவு போன்ற மென்தூள். மென்தூளில் முரட்டு மணி ஒன்று கலந்தாலும் போச்சு. கல்லில் கோடு விழும்.

இது வடிவேலுவுக்கு நன்றாகத் தெரியும். கலந்தவனே அவன்தான்.

அவனும் தனசேகரனும் மண்டாய்ப் பக்கம் ஒரே கல்லுடைப்பில் வளர்ந்தவர்கள். பத்து வயதில் சுத்தியல் பிடித்தவர்கள். ஒரே நாளில் இந்த வேலைக்கு வந்தார்கள். வலப்பக்கத்து மேசை தனசேகரனுடையது. ஆனால் கை ஒன்றாக இல்லை. வடிவேலு மூன்று நாள் தேய்ப்பதைத் தனசேகரன் ஒரே நாளில் முடித்துவிட்டு, "அழுத்தாதடா. மெல்ல. கல்லு தானா வழிவிடும்," என்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் வடிவேலுவுக்கு வயிறு எரியும்.

டாக்டர் எழுதிய கட்டுரை லண்டனில் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் தனசேகரன் பெயர் இருந்தது. இரண்டு பேருக்குமே எழுத்துத் தெரியாது. டாக்டர் காட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, தேக்கா சந்தை டீக்கடையில் ஒவ்வொருவரிடமும் காட்டினான் தனசேகரன். "பாருங்கலா, லண்டன் புஸ்தகத்துல நம்ம பேரு!" வடிவேலுவும் பார்த்தான், சிரித்தான். தனசேகரன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

அடுத்த வாரம் தனசேகரனின் மென்தூளில் ஒரே ஒரு சிட்டிகை முரட்டுத் தூள். அவ்வளவுதான் வடிவேலு போட்டது. உலகத்தில் வேறு துண்டே இல்லாத ஒரு கல் நாசமாயிற்று. தனசேகரனை நிறுத்திவிட்டார்கள். அவன் மறுபடி சுத்தியலைத் தூக்கிக்கொண்டு கல்லுடைப்புக்குப் போனான். பதினோராம் நாள் வெடி வைத்தபோது பாறை சரிந்தது. முகம் மிஞ்சவில்லை. கை இரண்டிலும் ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வடிவேலு அந்தக் கைகள்மேல் அப்போதும் பொறாமைதான் பட்டான்.

இன்று அவன் தூளின் புதுத் தகர டப்பாவை உடைத்து, பலகையை மூன்று முறை கழுவி, துருவக் கல்லின் முதல் வில்லையைத் தேய்த்தான்.

கிர்ர்.

ஒரே ஒரு மணி. எடுத்துப் பார்த்தான். கல்லின் குறுக்கே நேராக ஒரு கோடு.

இரண்டாவது வில்லைக்கு வேறு டப்பா உடைத்தான். மூன்றாவதற்குத் தூளைத் துணியில் சலித்தான். மூன்றிலும் அதே சத்தம், அதே இடத்தில் அதே கோடு.

மூன்றையும் பார்த்த டாக்டர் பெட்டியிலிருந்து பெரிய கல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதன் முதுகில் நீளநீளமாகக் கீறல்கள். "ஐஸ் நகரும்போது அடியில ஒரு பொடிக்கல்லு மாட்டும். அது போடற கோடு லட்சம் வருஷம் ஆனாலும் போகாது. உன் ஸ்லைடும் அப்படித்தான் இருக்கு. என்னப்பா பண்ற நீ?"

வடிவேலு அடுத்த வில்லையை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினான்.

நண்பகல். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெயில் ஜன்னலில் வெள்ளையாக நின்றது. நான்காவது வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

அது வலப்பக்கத்து மேசையிலிருந்து வந்தது. ஸ்ஸ்... ஸ்ஸ்... அவசரமே இல்லாமல், எட்டுப் போட்டுச் சுற்றுகிற கை. மூக்கில் வெடிமருந்து நெடி ஏறியது. கூடவே, அப்போதுதான் பிளந்த பாறையின் சூட்டு வாடை.

அவன் கழுத்து திரும்ப மறுத்தது.

"அழுத்தாதடா."

காதுக்குப் பக்கத்தில்.

பயத்துக்கு முன்னால் அவனுக்குக் கோபம்தான் வந்தது. "செத்தும் எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா?" என்று பல்லுக்குள் கேட்டான்.

சத்தம் நின்றது. திரும்பினான். நாற்காலி காலி. வலப்பக்கத்துப் பலகையில் சாம்பல் நிறச் சேறு, தொட்டால் இளஞ்சூடு. நடுவில் ஒரு ஸ்லைடு. சட்டென்று தன் விரலுக்குக் கீழே பார்த்தான். அங்கே வெறும் பலகைதான் இருந்தது.

ஸ்லைடை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கோடில்லை, குறையில்லை. கல் வழியே வானம் தெரிந்தது.

அதைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "அடேயப்பா! அப்படியே தனசேகரன் கை மாதிரி இருக்குப்பா."

"ஆமா சார்," என்றான் வடிவேலு. வாயெல்லாம் கசந்தது.

அதன்பின் அவனுக்கு வழி தெரிந்துவிட்டது. வில்லையை வலப்பக்கத்துப் பலகையில் வைப்பான். சுவரைப் பார்த்து நிற்பான். முதுகுக்குப் பின்னால் ஸ்ஸ்... ஸ்ஸ்... முடிந்ததும் எடுத்துக்கொள்வான். ஒன்பது ஸ்லைடு ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் டாக்டர் அதே பெயரைச் சொன்னார்.

"ஏங்க, சட்டையெல்லாம் வெடிமருந்து நாத்தம். கல்லுடைப்புக்கா போனீங்க?" என்றாள் அவன் மனைவி பூவம்மா.

"பேசாம சோத்தப் போடு."

"வேலை நிரந்தரம் ஆயிடுமா? டாக்டர் என்னதான் சொல்றாரு?"

"தனசேகரன் மாதிரி செய்யறேனாம்."

"நல்ல பேருதானே?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

கடைசி வில்லை. வலப்பக்கத்துப் பலகையைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து வைத்தான். "இது என்னோடது," என்று காலி அறையிடம் சொன்னான். தன் மேசையில் உட்கார்ந்து, இரண்டு கை விரல்களையும் மாற்றி மாற்றி வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

மணி உறுத்தவில்லை. கல் வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"அழுத்தாதடா."

பிடரிக்கு வெகு அருகில். இந்த முறை அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது.

அவன் இன்னும் அழுத்தினான்.

பலகையில் சாம்பல் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறியது. துருவத்துக் கல்லின் நிறம் என்று நினைத்துக்கொண்டான். வலியே இல்லை.

டாக்டர் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். "வடிவேலு, வளையத்துக்குள்ள வளையமா வருது! இது ஏதோ கடல் உயிரோட ஓடு. அந்த ஐஸுக்கு அடியில ஒரு காலத்துல கடல் இருந்திருக்கு! இந்த ஒரு ஸ்லைடுக்கே தனிக் கட்டுரை எழுதலாம். உன் பேரப் போடறேன்."

"தனசேகரன் கை மாதிரி இருக்கா சார்?"

"இல்லப்பா. இது வேற கை."

இத்தனை நாளாக அவன் ஏங்கிக் கிடந்த சொல். சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். விரல்களை விரித்தான்.

பத்து விரல் நுனியும் கண்ணாடிபோல் இருந்தன. வளையம் வளையமாக ஓடிய ரேகை ஒன்றுகூட இல்லை. ரத்தமும் இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கினான். வெளிச்சம் விரல் வழியே வந்தது.

மறுவாரம் நிரந்தர உத்தரவு வந்தது. அலுவலகக் குமாஸ்தா, கிராணி சேதுபதி, தாளை நீட்டினார்.

"கையெழுத்துப் போடத் தெரியுமா? தெரியாதா? அப்ப கட்டைவிரல நீட்டுய்யா."

மைப்பெட்டியில் உருட்டித் தாளில் அழுத்தினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி அழுத்தினார். அடுத்த கை விரலையும் அழுத்திப் பார்த்தார்.

"என்ன கைலா இது, மையே ஒட்ட மாட்டேங்குது! கைநாட்டு விழாம உத்தரவு செல்லாது, தெரியும்ல? இரு, புது மை எடுத்துட்டு வரேன்."

அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். வடிவேலு அவமானத்தில் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

வெடிமருந்து நெடி வந்தது.

தாளின் கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஈரம் ஊறியது. ஒரு வளையம். அதைச் சுற்றி இன்னொன்று. நிதானமாக, அழுத்தாமல், ஒவ்வொரு ரேகையாக.

கிராணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அட, விழுந்துடுச்சே! எவ்வளவு சுத்தமா வச்சிருக்க பாரு."

தாளை ஊதிக் காயவைத்துக் கோப்பில் வைத்தார்.

வடிவேலுவின் கைகள் பையை விட்டு வெளியே வரவே இல்லை.