முதல் ரெண்டு தோட்டா பாம்புக்கு

சம்பவம் நடந்த காலையில் அந்த ஆற்றங்கரை முகாமில் இருந்தவர்கள்:

மார்லா பிரிட்செட். கையில் தோசைத்திருப்பி, அடுப்பில் பான்கேக்.

ஆர்லோ. துப்பாக்கிக் கடைக்காரர். மடக்கு நாற்காலி, தகரக் குவளையில் காபி.

வெஸ். மார்லாவின் தம்பி. பரோலில் வெளியே வந்தவன். ஆற்றோரம் தனியாக வாணலி கழுவிக்கொண்டிருந்தான்.

கிரேவி. நாய். பேக்கன் தட்டுக்கு மிக அருகில்.

டுவேன் பிரிட்செட். மார்லாவின் கணவன். பைன் மரங்களுக்கு நடுவே, குப்புற. பிணம்.

டமால் என்ற சத்தம் கேட்டு மார்லாவும் ஆர்லோவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது அப்படித்தான் கிடந்தான்.

மார்லாவின் கையிலிருந்து தோசைத்திருப்பி நழுவியது.

அப்புறம் பிணம் கத்தியது.

"சுட்டுட்டான்... வெஸ் என்னைச் சுட்டுட்டான்!"

டுவேனின் பேண்ட், உட்காரும் இடத்தில், சல்லடையாகியிருந்தது. பொட்டுப் பொட்டாக ரத்தம். ஆர்லோ குனிந்து உற்றுப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"ரவை" என்றார். "முதல் தோட்டா."

அமெரிக்காவில் ஐடஹோவின் அந்தப் பள்ளத்தாக்கில் கீழே சாரைசாரையாக விஷப் பாம்பு. மேலே கரடி. கூடாரம் அடிக்கப் போகிறவன் ரிவால்வரின் முதல் இரண்டு அறைகளில் ரவைத் தோட்டா போடுவான். கடுகு அளவு ஈயம் சிதறிப் பாம்பைப் புரட்டும். மனிதனைக் கொல்லாது. அடுத்த மூன்றும் கட்டைவிரல் பருமனுக்குக் கனத்த குண்டு. அது கரடிக்கு. யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. குழம்புக்கு உப்பு போடுகிற மாதிரி.

அந்த ரிவால்வர் ஆற்றுக்குப் போகும் பாதையில் கிடந்தது.

புத்தம் புதுசு. டுவேன் இரண்டு மாதம் ஆர்லோவின் கடைக்கு நடையாய் நடந்து தேர்ந்தெடுத்தது. சின்னதாக இருக்க வேண்டும், கனக்கக் கூடாது, பாம்பு, கரடி, திருடன் எல்லாவற்றுக்கும் ஒன்றே ஆக வேண்டும் என்றான். நாலு அங்குலக் குழல் எடு என்று ஆர்லோ மன்றாடினார். டுவேன் இரண்டு அங்குலக் குழலை எடுத்தான். ஆர்லோவுக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

வெஸ் வாணலியோடு மேலே ஏறி வந்தான். பாதையில் துப்பாக்கியைப் பார்த்தான்.

மற்றவர்கள் பாம்பைக் கண்டால் எப்படிப் பின்வாங்குவார்களோ, அப்படிப் பின்வாங்கினான்.

காரணம் இருந்தது. எவனுடைய ஸ்னோமொபைல் பனிவண்டியையோ கிளப்பி ஏரிக்குள் விட்டதற்காக உள்ளே போய்வந்தவன் அவன். இனி ஆயுள் முழுக்கத் துப்பாக்கியைத் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி ஐந்து வருஷம். அதனால்தான் முகாமில் அவனுக்கு ஆயுதம் வாணலியும் கரண்டியும். கரடி வந்தால் தட்டுவான். போனதும் அதிலேயே முட்டை பொரிப்பான்.

மார்லா தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"நீ செஞ்சியாடா?"

"அக்கா, நான் சுடறவனா இருந்தா எட்டு மாசம் முன்னாடியே சுட்டிருப்பேன்."

எட்டு மாதமாக அவன் அக்கா வீட்டு பேஸ்மெண்டில்தான் இருந்தான். டுவேன் துப்பாக்கி அலமாரி வைப்பதற்கு அளவெடுத்து வைத்திருந்த பேஸ்மெண்ட்.

ஆர்லோ ரேடியோவில் போலீஸைக் கூப்பிட்டார்.

---

டெபுடி ஷெரீஃப் ஜோலீன் காஸ்ட்னர் கீழே படகுத்துறையில் மீன்பிடி உரிமம் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறுவதற்குள் வந்துவிட்டாள். அகன்ற தோள், சின்னக் கண், எதையும் இரண்டாம் முறை கேட்காத பழக்கம்.

அதற்குள் டுவேனைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேஜை மேல் குப்புறப் போட்டிருந்தார்கள். மார்லா புருவம் திருத்தும் இடுக்கியால் ரவையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிங்.

டிங்.

டுவேன் மேஜைப் பலகையைப் பார்த்தபடியே வாக்குமூலம் கொடுத்தான். துப்பாக்கியைக் காலையில் மரத்தடியில் வைத்துவிட்டு ஒதுங்கப் போனானாம். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதாம். திரும்புவதற்குள் டமால். வெஸ் ஆற்றுப் பக்கம் ஓடியதைக் கண்ணால் பார்த்தானாம்.

வெஸ் சொன்னது சுருக்கம். வாணலி கழுவினேன். சத்தம் கேட்டது. வந்தேன்.

"யாராவது பார்த்தாங்களா?"

"ஒரு வாத்து பார்த்துச்சு மேடம்."

ஜோலீன் அவன் கையில் விலங்கு மாட்டினாள்.

"எனக்கு வேற வழி இல்ல வெஸ். பரோல்காரன் பேர்ல துப்பாக்கிப் புகார். சாயந்தரத்துக்குள்ள உன்னை உள்ள வைக்கணும். அஞ்சு வருஷத்துக்கு வாத்து சாட்சி பத்தாது."

வெஸ் சிரிக்க முயன்றான். வரவில்லை. அக்காவைப் பார்த்தான். அவள் இடுக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிங்.

"இது என்னங்க?" என்றாள் மார்லா.

இடுக்கி நுனியில் இருந்தது ரவை இல்லை. ஒரு தூண்டில் முள். டுவேனின் பின் பாக்கெட்டிலிருந்து துணியைக் கிழித்துக்கொண்டு சதையில் இறங்கியிருந்தது.

"நேத்து மீன் பிடிச்சப்ப வச்சது" என்றான் டுவேன் அவசரமாக.

நேற்று அவன் மீன் பிடிக்கவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து புது ரிவால்வருக்கு எண்ணெய் போட்டான். மார்லா வாயைத் திறந்தாள். ஜோலீனின் சின்னக் கண் அவளைத் தொட்டது. மார்லா வாயை மூடிக்கொண்டாள்.

ஜோலீன் கையுறை போட்டுக்கொண்டு துப்பாக்கியை எடுத்தாள். அறைகளைத் திறந்தாள். ஒன்று வெடித்து முடிந்த காலித் தோட்டா. ஒன்று ரவை. மூன்று கரடிக் குண்டு. மூடினாள். எடை பார்த்தாள். ஆற்றை நோக்கிக் குறிபார்த்தாள்.

மூக்கால் சிரித்தாள்.

"டுவேன்... கேம்புக்கு இதையா வாங்கினீங்க?"

மேஜை மேல் முதுகு விறைத்தது.

"ஏன்? அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பொம்பளைங்க கைப்பையில வைக்கிற சாமான் மாதிரி இருக்கு. அதான் கேட்டேன்."

"நான் சொன்னேன் மேடம்!" ஆர்லோ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தலபாடா அடிச்சுக்கிட்டேன். நாலு அங்குலம் எடுடான்னேன். கேட்டானா?"

அடுத்து நடந்தது விசாரணை இல்லை. குழாயடிச் சண்டை.

இரண்டு அங்குலக் குழலில் குறி எங்கே நிற்கும் என்றார் ஆர்லோ. கரடி கட்டிப்பிடித்த பிறகு குறி எதற்கு என்றான் டுவேன். கை உதறுமே என்றாள் ஜோலீன். ரப்பர் பிடி போட்டிருக்கிறது, கண்ணைத் திறந்து பாருங்கள் என்றான் டுவேன். இதற்கெல்லாம் குட்டைக் குழல் ஷாட்கன்தான் சரி, எங்கள் அம்மா கூடாரத்துக்குள் அதைத்தான் வைத்திருந்தாள் என்றாள் மார்லா, ரவை எடுப்பதை நிறுத்திவிட்டு. அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது யார், உங்கள் அம்மாவா என்று டுவேன் கேட்டான். அந்தப் பள்ளத்தாக்கில் பெண்டாட்டியைப் பழித்தால்கூடப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். துப்பாக்கியைப் பழித்தால் தீராது.

வெஸ் மட்டும் விலங்கோடு மரத்தில் சாய்ந்திருந்தான். தன் ஐந்து வருஷம் அங்கே குழல் நீளத்தில் தொங்குவதை வேடிக்கை பார்த்தான்.

"சரி, எல்லாத்தையும் விடுங்க" என்றாள் ஜோலீன். "ட்ரிக்கரைப் பார்த்தீங்களா? கல்லு. நானே ரெண்டு கையால இழுக்கணும். இதை இழுக்க மாடு கட்டுற கயிறு வேணும்."

"கயிறா?"

டுவேன் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். முகம் தக்காளியாகியிருந்தது.

"என்ன மேடம் பேசறீங்க? வெண்ணெய் மாதிரி ட்ரிக்கர் அது! ஹாமரைப் பின்னால இழுத்து வச்சுட்டா டிரவுட் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பே போதும். கிளைக் கவட்டையில கச்சிதமா உக்காருது. நாலு அங்குலக் குழல் உக்காருமா? ஏழடி தள்ளி நின்னு, லேசா ஒரு சுண்டு சுண்டினேன், அவ்வளவுதான், டமா..."

நிறுத்தினான்.

ஆறு ஓடும் சத்தம் கேட்டது.

அடுப்பில் பான்கேக் கரிந்தது. கிரேவி பேக்கன் தட்டை நிதானமாகக் காலிசெய்தது.

ஜோலீன் டுவேனின் பின் பாக்கெட்டுக்குள் இரண்டு விரலை விட்டாள். சுருட்டித் திணித்த தூண்டில் நரம்பு வந்தது. நீளமாக. வந்துகொண்டே இருந்தது.

"குண்டு போன உதறல்ல துப்பாக்கி கவட்டையில இருந்து துள்ளிப் பாதையில விழுந்துடுச்சு. சரிதானே? ட்ரிக்கர்ல மாட்டின முள்ளும் கழண்டு வந்துடுச்சு. நீங்க நரம்பைச் சுருட்டி வச்சுக்கிட்டுப் படுத்துட்டீங்க. ரவைத் தோட்டா, உயிருக்கு ஆபத்தில்ல. மச்சினன் உள்ள. பேஸ்மெண்ட் காலி."

"நாலு ரவைதான் படும்னு நினைச்சேன்" என்றான் டுவேன் பலகையைப் பார்த்து.

"குட்டைக் குழல்" என்றார் ஆர்லோ திருப்தியாக. "அகலமாச் சிதறும். அதையும் சொன்னேன்."

மார்லா இடுக்கியைத் தட்டில் போட்டாள். மீதி ரவையை எடுக்க அவளுக்கு உத்தேசம் இல்லை.

"அந்த பேஸ்மெண்ட் என் தம்பிக்குத்தான். இனிமே மாடியும்."

ஜோலீன் வெஸ்ஸின் விலங்கைக் கழற்றி டுவேனுக்கு மாட்டினாள். அப்புறம் குனிந்து, தன் வலது கால் பேண்டை முழங்கால் வரை உயர்த்தினாள்.

கணுக்காலில் ஓர் உறை. உறைக்குள் இரண்டு அங்குலக் குழல். ரப்பர் பிடி. அதே ரிவால்வர்.

"அருமையான துப்பாக்கி டுவேன். ரெண்டு வருஷமா கேம்புக்கு நான் இதைத்தான் எடுத்துட்டுப் போறேன்."

ஆர்லோ உட்கார்ந்துவிட்டார்.

டுவேனின் கண்ணில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. "அப்ப எனக்கு இதைத் திருப்பிக் கொடுப்பீங்கல்ல?"

"பொய்ப் புகார். சாட்சி ஜோடனை. ஒருத்தனை அஞ்சு வருஷம் உள்ள தள்ளப் பார்த்திருக்கீங்க. தீர்ப்பு ஆச்சுன்னா நீங்களும் வெஸ் மாதிரிதான். இதை மட்டுமில்ல, எந்தத் துப்பாக்கியையும் தொடக் கூடாது. ஆயுசுக்கும்."

இதைக் கேட்டபோதுதான் டுவேனுக்கு உண்மையிலேயே அடிபட்டது.

அவனால் உட்கார முடியவில்லை. ஷெரீஃப் வண்டியின் பின் சீட்டில் குப்புறப் படுக்கவைத்தார்கள். கதவைச் சாத்தும் முன் வெஸ் ஓடி வந்தான். ஈரம் காயாத வாணலியை மச்சானின் தலைமாட்டில் வைத்தான்.

"இனிமே கேம்புக்கு உங்களுக்கு இதான் மச்சான். சின்னது, கனம் இல்ல, எல்லாத்துக்கும் ஆகும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க..."

டுவேன் கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பினான்.

"முதல் ரெண்டு அடி பாம்புக்கு."

ஜோலீன் கதவை அறைந்து சாத்தினாள். பூட்டினாள்.